ரீமேக்குக்கு முந்நூறு ரூபாய்

சொந்தமாக மில்லிங் மெஷின் வாங்கியது எங்களுக்கு லாபமா, நஷ்டமா? சிறிய பல் லேப் வைத்திருப்பவர்கள் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறார்கள். என் கணவர் யோசிக்காமல் "லாபம்தான்" என்கிறார். கணக்கு எழுதுகிறவள் நான். என்னிடம் இன்று வரை பதில் இல்லை. எக்ஸெல்லைத் திறந்தால் கடைசிக் கட்டத்தில் ஒரு தொகை பச்சை நிறத்தில் தெரிகிறது. மாதம் முடிந்து கையில் நிற்பது அதுதான். அதில் பாதிக்கு மேல் ஒரு அக்காவின் சம்பளம்.

எங்கள் லேப் இரும்புலியூரில், வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. மாடியில் குடியிருக்கிறோம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அளவை அனுப்புவார்கள். தேய்த்துச் சிறிதாக்கிய பல்லின் மேல் மாட்டுகிற உறையை, கிரவுன் என்பார்கள், நாங்கள் செய்து கொடுப்போம். மெஷின் வருவதற்கு முன்னால் லேபில் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். இன்னொருவர் அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் மாறி வரும் அந்த அக்கா. நாற்பதைத் தாண்டியவர். இந்த வேலையில் பதினாறு வருடம். கிரவுனைக் கணினியில் வரைவதும், வந்த கிரவுனை மாடலில் (நோயாளியின் பல்வரிசையைப் போலச் செய்த அச்சு அது) பொருத்திப் பார்ப்பதும், பளபளப்பு ஏற்றுவதும் அவர் வேலை. வரைந்த ஃபைலை கிண்டியில் ஒரு மில்லிங் சென்டருக்கு அனுப்புவோம். அங்கே மெஷினில் வெட்டி, மறுநாள் கிரவுனைப் பார்சலில் அனுப்புவார்கள். ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய்.

பிரசவத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. பி.காம். முடித்து நான்கு வருடம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் இருந்தவள். குழந்தை தூங்குகிற நேரத்தில் லேபின் பில்களைப் பார்க்கத் தொடங்கினேன். மாதம் இருநூறு கிரவுன், ஐந்நூறு ரூபாய் வீதம் ஒரு லட்சம் வெளியே போகிறது. இதை நாமே வெட்டினால் என்ன என்று முதலில் கேட்டது நான்தான். அதைச் சொல்லிவிட வேண்டும். கணவர் தயங்கினார். நான்தான் கணக்குத் தாளைப் போட்டுக் காட்டினேன்.

சிர்கோனியா என்கிற பொருள் தட்டையான வட்டமாக, டிஸ்க்காக வரும். சாக்பீஸ் மாதிரி வெள்ளை. ஒரு டிஸ்க் ஐயாயிரத்து ஐந்நூறு. அதில் இருபத்திரண்டு கிரவுன் வெட்டலாம், ஆக ஒன்றுக்கு இருநூற்றைம்பது. ஐந்நூறில் இருநூற்றைம்பது மிச்சம், இருநூறு கிரவுனுக்கு ஐம்பதாயிரம். மெஷினுக்கும், வெட்டியதைச் சுடும் உலைக்கும் சேர்த்து மாதத் தவணை நாற்பத்தோராயிரம். கரண்ட், தேயும் டூல் எல்லாம் போக நாலைந்து ஆயிரம் நிற்கும். கொஞ்சம்தான். ஆனால் டிஸ்க்கின் ஓரங்களில் மிஞ்சும் இடத்தில் இரண்டு மூன்று கிரவுன் கூடுதலாக எடுத்தால் அந்த நாலாயிரம் பத்தாயிரமாகும். எல்லாவற்றையும் சரியாகத்தான் போட்டேன். ரீமேக்குக்கு ஒரு கட்டம் வைக்க மறந்தேன்.

ரீமேக் என்றால் பொருந்தாமல் போன கிரவுனை மறுபடி செய்வது. கிண்டிக்காரர்கள் அதைக் காசு வாங்காமல் செய்து கொடுத்தார்கள். அதனால் எந்தப் பில்லிலும் அது இல்லை. பில்லில் இல்லாததை என்னால் பார்க்க முடியவில்லை. சொந்த மெஷினில் ஒவ்வொரு ரீமேக்கும் நம் டிஸ்க், நம் கரண்ட், நம் நேரம். முதல் மாதமே பச்சை சிவப்பானது.

அப்போதுதான் அந்த விதியைக் கொண்டுவந்தேன். யாரால் ரீமேக்கோ, அவர் சம்பளத்தில் முந்நூறு ரூபாய் பிடித்தம். ஆடிட்டர் ஆபீசில் பார்த்த கம்பெனிகளில் இப்படியெல்லாம் இருந்தது, அதனால் தவறாகத் தோன்றவில்லை. ஒரு வெள்ளைப் பலகை வாங்கி இரண்டு பத்தி பிரித்தேன். ஒன்று கணவருக்கு, ஒன்று அக்காவுக்கு. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அக்கா பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஸ்கூல்ல பேர் எழுதிப் போடற மாதிரி கீது."

"எல்லாருக்கும் பொதுவாத்தான்கா. அவருக்கும் பிடிப்போம்."

"சாருக்கு நீங்க பிடிச்சா அது உங்க வூட்டு பீரோக்குத்தானே போவும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னது உண்மை என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

மெஷின் வெட்டும்போது மெல்லிய வெள்ளைத் தூள் பறக்கும். உறிஞ்சும் குழாய் இருக்கிறது. இருந்தாலும் மேஜை, அலமாரி, டப்பா, எல்லாவற்றின் மேலும் படியும். ஒரு நாள் மாடிப்படியின் கைப்பிடியிலும் இருந்தது. குழந்தைக்கு அப்போது பதினோரு மாதம். எதையும் பிடித்து நிற்கும், பிடித்ததை நக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று போனில் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கப் பயம் கூடியது. அதிலிருந்து சனிக்கிழமை தோறும் லேபைத் துடைப்பது என் கடமையானது. பாதி வெட்டிய டிஸ்க்குகள் வட்டமான பிளாஸ்டிக் டப்பாக்களில் இருக்கும். டிஸ்க்குகளை எடுத்து வரிசையாகத் துணியில் வைத்துவிட்டு, டப்பாவையும் மூடியையும் சோப்புத் தண்ணீரில் கழுவி மொட்டை மாடியில் காயவைப்பேன். சாயங்காலம் எல்லாவற்றையும் போட்டு மூடி, அலமாரியில் அடுக்குவேன். பார்க்க நிறைவாக இருக்கும்.

மெஷின் வந்த இரண்டாம் மாதத்திலிருந்து இன்னும் அதிகமான கிரவுன்கள் சரியாக உட்காரவில்லை. எல்லாம் இல்லை. சில. சில இறுக்கமாக, மாடலின் மேல் ஏறவே மறுத்தன. சில தளர்ந்து ஆடின. வெளியே தெரிவதற்கு முன்னால் அக்காதான் கண்டுபிடித்து வந்து சொல்வார். அவர் நினைத்திருந்தால் உள்பக்கத்தைக் கொஞ்சம் தேய்த்து ஏற்றி அனுப்பியிருக்கலாம். பல லேபில் அதைச் செய்கிறார்கள். அவர் மாடலையும் கிரவுனையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு வருவார்.

"இது ஆடுதும்மா. அனுப்ப வேணாம். இன்னொண்ணு போட்டுடலாம்."

நான் எழுந்து போய்ப் பலகையில் ஒரு கோடு போடுவேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போடுவேன். கணவர் உள்ளேயிருந்து, "இன்னிக்கு எத்தனை விக்கெட்?" என்பார். முதல் வாரம் அக்கா சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. கணவர் அதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி நானும் சொல்லவில்லை.

கிரவுன் இறுக்கமாக வந்தால் உள்ளே ஒட்டும் சிமெண்டுக்கு விடும் இடைவெளியைக் கணினியில் கொஞ்சம் கூட்டுவார். அடுத்தது தளர்ந்து ஆடும். குறைப்பார். அடுத்தது ஏறாது. எதைச் செய்தாலும் எதிராகவே வந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைக்கு மிக அருகில் உட்காரத் தொடங்கினார். ஒரு டாக்டர் போனில் கூப்பிட்டார். கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏன் சார், நான் கிரவுன்தானே கேட்டேன்? தொப்பி அனுப்பியிருக்கீங்க. பேஷண்ட் இருமினா விழுந்துடும்."

"சாரி டாக்டர். எங்க டெக்னீஷியனுக்குக் கொஞ்சம் கவனம் போதல. மாத்திடறேன்."

அக்கா இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கட்டும் என்றுதான் ஸ்பீக்கர்.

மறுநாள் காலை அவர் என் மேஜைக்கு வந்தார். கையில் மாடல் இல்லை.

"ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"டிஸ்க் நம்பர்லாம் கரெக்டா போடறோமாம்மா?"

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சிர்கோனியாவை உலையில் வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும். அதனால் முதலில் பெரிதாக வெட்ட வேண்டும். எவ்வளவு பெரிதாக என்பது ஒவ்வொரு டிஸ்க்குக்கும் கொஞ்சம் மாறும். அந்த எண் டிஸ்க்கோடு வரும் ஸ்டிக்கரில் இருக்கும். வெட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக் கணினியில் தட்ட வேண்டும். ஸ்டாக்கைப் பார்த்துக்கொள்கிறவள் என்பதால் அது என் வேலை. புது டிஸ்க்கோ பாதி டிஸ்க்கோ, எண்ணைத் தட்டுவது நான்தான்.

எனக்குச் சுருக்கென்றது. குழந்தை முந்தின நாளெல்லாம் பல் முளைக்கும் காய்ச்சலில் அழுதிருந்தது. அதைக் காரணமாகச் சொல்லலாமா என்று இப்போது யோசிக்கிறேன். இல்லை, காய்ச்சல் இல்லாவிட்டாலும் அப்படித்தான் பேசியிருப்பேன். அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இந்தாங்க. படிங்க. என்ன போட்டிருக்கு?"

அவர் கண்ணை இடுக்கிப் படித்தார்.

"இப்ப சிஸ்டத்துல பாருங்க. அதேதானே இருக்கு? பி.காம். படிச்சவளுக்கு நாலு நம்பரைப் பார்த்து அடிக்கத் தெரியாதாக்கா?"

"அய்யோ, அப்படிச் சொல்லலம்மா."

"பின்ன எப்படிச் சொன்னீங்க?"

கணவர் உள்ளே சிரித்தார். "அக்கா, ஆடத் தெரியாம பிட்ச்சைக் குத்தம் சொல்றீங்க பாருங்க." அன்று சாயங்காலம் பலகையில் இரண்டு கோடு ஏறியது. அதன் பிறகு அவர் எண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பலகை வந்த முதல் மாதம் பதினொரு ரீமேக். இரண்டாம் மாதம் பதினான்கு. சம்பளம் பதினேழாயிரத்தில் நாலாயிரத்து இருநூறு பிடித்துக் கவரில் போட்டுக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் வந்து, "பையன் காலேஜ் பீஸ் இந்த மாசம் கட்டணும். பாதி பிடிச்சுட்டு பாதிய அடுத்த மாசம் பிடிக்கறீங்களா?" என்றார். விதி என்றால் விதிதான் என்று நினைத்தேன். ஒருவருக்கு மாற்றினால் பிறகு எல்லாவற்றுக்கும் மாற்ற வேண்டும் என்றேன். எல்லாவற்றுக்கும் என்றால் என்ன? அந்தப் பலகையில் அவரைத் தவிர யார் பெயரில் கோடு இருந்தது?

அந்த வாரமே புதிதாக ஒரு தாள் போட்டேன். அக்காவின் சம்பளம் இல்லாத தாள். வரைவதை ஒரு கிரவுனுக்கு இவ்வளவு என்று வெளியே ஆன்லைனில் செய்து தருகிறார்கள். பொருத்துவதையும் பளபளப்பையும் கணவரே பார்க்கலாம். கடைசிக் கட்டம் பச்சையானது. கணவரிடம் காட்டினேன். "நீயே சொல்லிடு. உன்கிட்டதான் அவங்க நல்லா பேசுவாங்க" என்றார்.

சொன்னேன். அவர் அழவில்லை, சண்டை போடவில்லை. தன் கைக் கருவிகளை ஒரு துணியில் சுற்றினார். "நான்தான்மா உங்களுக்கு நஷ்டம் வச்சுட்டேன். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மாடியேறி வந்து குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார். அவர் உடையில் தூள் இருக்குமே என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் போனதும் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

பத்து நாள் கழித்துப் பல்லாவரத்திலிருந்து ஒரு லேப்காரர் கூப்பிட்டார். அக்கா அங்கே வேலை கேட்டிருக்கிறார்.

"ஆளு எப்படி மேடம்?"

"நல்லவங்க. நேரத்துக்கு வருவாங்க. லீவு போட மாட்டாங்க."

"வேலை?"

நான் பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். "ஃபிட்டிங் மட்டும் கொஞ்சம்..." என்று நிறுத்தினேன். அவர் "புரியுது, புரியுது, தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தைகூடத் தவறாகப் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்கா போன பிறகும் ரீமேக் குறையவில்லை. வெளியே வரைகிறவர்கள் தங்கள் ஃபைலில் தவறில்லை என்று அளவுகளோடு அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் மெஷின் சர்வீசுக்கு ஓர் இன்ஜினியர் வந்தார். எல்லாம் சோதித்துவிட்டு, "மெஷின் ஓகே. பாதி டிஸ்க் இருந்தா நாலு குடுங்க" என்றார். அந்தந்த ஸ்டிக்கர் எண்ணைப் போட்டு நான்கிலும் ஒரே அளவில் சின்னச் சதுரக் கட்டி வெட்டி, உலையில் வைத்து, மறுநாள் வந்து வெர்னியர் அளவுகோலால் அளந்தார். நான்கும் ஒரே அளவாக இருந்திருக்க வேண்டும். இரண்டு சரி. ஒன்று பெரிது. ஒன்று சிறிது. பெரிதானது எவ்வளவு கூடியதோ, சிறிதானது அநேகமாக அதே அளவு குறைந்திருந்தது. அவர் டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், டப்பாவெல்லாம் புதுசு மாதிரி இருக்கே. கழுவுவீங்களா?"

"வாரா வாரம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"மூடியையும் சேர்த்தா?"

நாங்கள் வாங்கியது விலை குறைந்த டிஸ்க். விலை அதிகமானவற்றில் எண்ணை டிஸ்க்கின் விளிம்பிலேயே அச்சடித்திருப்பார்களாம். எங்களுடையதில் ஸ்டிக்கர் மூடியில் மட்டும். டப்பாவில் இல்லை. எல்லா டிஸ்க்கும் ஒரே வெள்ளை, எல்லா மூடியும் ஒரே அளவு. சனிக்கிழமை தோறும் கழுவி, காயவைத்து, எந்த மூடி கைக்கு வந்ததோ அதைப் போட்டு மூடியிருக்கிறேன். மூடியிலிருந்த எண்ணை ஒரு புள்ளி தவறாமல் கணினியில் அடித்திருக்கிறேன். அது வேறொரு டிஸ்க்கின் எண்.

இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "வீட்டுல மிளகாய்த்தூள் டப்பா மாதிரி நெனச்சுட்டீங்க" என்றார். கணவரும் அவரோடு சேர்ந்து சிரித்தார். அவர் போனதும் சிரிப்பு நின்றது.

"இதை வெளிய யார்கிட்டயும் சொல்லாத."

"அக்காகிட்ட..."

"சொல்லி? திரும்ப வாங்கன்னு கூப்பிடப் போறியா? சம்பளம் எங்கேருந்து வரும், உன் ஷீட்லேருந்தா? அவங்க நாலு லேப்ல சொல்வாங்க. நாலு லேபும் நம்ம டாக்டர்ஸ்கிட்ட சொல்லும். தவணைய நீ கட்டுவியா?"

அவர் சொன்னதில் கணக்குப்படி தவறு எதுவும் இல்லை. இப்போது மூடி, டப்பா, டிஸ்க்கின் விளிம்பு மூன்றிலும் மார்க்கரால் எண் எழுதியிருக்கிறேன். ரீமேக் மாதம் இரண்டு மூன்றுதான். பலகையைத் துடைத்துவிட்டுக் குழந்தையின் தடுப்பூசித் தேதிகளை எழுதிவிட்டேன்.

போன வாரம் குரோம்பேட்டையில் குழந்தைக்குத் துணி எடுக்கப் போனேன். கடையில் மடித்து அடுக்கும் பெண்களில் ஒருவராக அக்கா நின்றிருந்தார். தடித்த ஃபிரேமில் புதுக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா, நல்லா கீறீங்களா? பாப்பா நடக்க ஆரம்பிச்சுட்டாளா?"

"நடக்கறாக்கா. கண்ணாடி போட்டிருக்கீங்க?"

"ஆமா. ஆஸ்பத்திரில போய்க் காமிச்சேன். கண்ணு நல்லாத்தான் கீது, வயசுக்குப் படிக்கக் கண்ணாடி போட்டா போதும்னாங்க. நான்தான் நம்பல. கண்ணு நல்லா இருந்தா அத்தனை பல்லு எப்படி தப்பாவும்? வேற இடத்துல போய்க் காசு குடுத்துப் போட்டுக்கினேன். இதைப் போட்டா தலை சுத்துது. ஆனா போட்டுக்கறேன்."

நான் குழந்தையின் சட்டை அளவைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

"பல்லாவரத்துல கேட்டேன். எடுத்துக்கல. அதுவும் சரிதான். இன்னொருத்தர் வாயில மாட்டறது. கையி மறந்துபோனவ எதுக்குத் தொடணும்? இங்க துணிதானே. கோணலா மடிச்சாலும் யாருக்கும் வலிக்காது."

"எல்லாம் சரியாயிடும்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் சூப்பர்வைசரிடம் சொல்லி எனக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

இங்கே தீபாவளி வரைக்கும்தான் வேலை என்று போகும்போது சொன்னார். பல்லாவரம் லேபின் "ஆள் தேவை" அறிவிப்பு டெக்னீஷியன்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நேற்றும் பார்த்தேன்.

அக்காவிடம் பிடித்த பணம் ஏழாயிரத்து ஐந்நூறு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துக் கவரில் போட்டுவிட்டேன். அதைக் கொடுப்பது கஷ்டமில்லை. எதற்கு என்று கேட்பாரே, அங்கேதான் நிற்கிறேன். சொன்னால் கணவருக்குத் தெரியும், அவர் சொன்னபடி டாக்டர்கள் போகலாம், மாதம் பிறந்தால் நாற்பத்தோராயிரம் வேண்டும், குழந்தை இருக்கிறாள். சொல்லாமல் பல்லாவரத்துக்காரரை மட்டும் கூப்பிட்டு, "அன்று நான் சொன்னது தவறு, அவர் கை மிக நல்ல கை" என்று சொல்லலாமா? அவர் ஏன் என்று கேட்டால்? அப்படியே வேலை கிடைத்தாலும், தன் கண்ணையும் கையையும் நம்பாத ஒருவர் அந்த நாற்காலியில் போய் எப்படி உட்காருவார்? உண்மையை அவரிடம் சொன்னால்தானே நம்புவார்? இல்லை, சொல்லி என் மனத்தை இறக்கிக்கொள்ளத்தான் இவ்வளவும் பேசுகிறேனா?

இதைப் படிப்பவர்களில் வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். வேறொருவர் தவறுக்காக வேலை போனவர்களும் இருப்பீர்கள். இரண்டாவது வகையினரிடம்தான் அதிகம் கேட்க விரும்புகிறேன். உங்களுக்கு அப்படி நடந்து, தவறு செய்தவள் ஆறு மாதம் கழித்து வாசலில் வந்து நின்றால், முதலில் அவளிடமிருந்து எதைக் கேட்க விரும்புவீர்கள்? நான் முதலில் யாரிடம் போக வேண்டும், அக்காவிடமா, பல்லாவரத்துக்கா? கணவரிடம் சொல்லிவிட்டுப் போகவா, போய்விட்டு வந்து சொல்லவா? தயவுசெய்து எழுதுங்கள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.